ஜேமியை விசாரிக்காத கடிதங்கள்

சென்னை
06.11.2008

அன்புள்ள எல்சி அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் ஜேமியும் ஒரு மாதிரி இருக்கிறோம். நீங்களும் டெக்ஸ்டர் அத்தானும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? கொழும்பிலிருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனது காயத்துக்கு நோகவில்லையா?

இந்தக் கடிதத்தைக் காத்தான்குடி மர்சூக் நானாவிடம் கொடுத்து விடுகிறேன். கடைக்குச் சாரி எடுக்க வந்தவர் ஆஸ்பத்திரிக்கும் வந்து எங்களைப் பார்த்தார். போனில் கதைக்க உங்களுக்கு வராது என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜேமியின் தனியறை வாசலில் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும் முன் ஒருமுறை வந்து அவனைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். நேர்ஸ் உங்களுக்கென்று ஒரு மாஸ்க்கும் நீல அங்கியும் எடுத்து வைத்திருந்தா. பதினொரு மணிக்கு லொட்ஜுக்கு ஓடி வந்தேன். அறை பூட்டியிருந்தது. உங்கள் பிளேன் பின்னேரம் ஐந்து மணிக்குத்தானே.

ஒப்பரேஷன் முடிந்து ஏழு கிழமை. நீங்கள் ஒருமுறைகூட அவன் அறைக்குள் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை அக்கா. தாய் என்னுடைய இரத்தம் பொருந்தவில்லை, தகப்பன் நெவிலின் ஈரலில் கொழுப்பு என்றார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று நான் இருந்தபோது, கேட்காமலே ஈரல் தர வந்தவர் நீங்கள். உறுப்புத் தானக் கமிட்டியில் இருந்த அம்மா, “ஏன் குடுக்கறீங்க? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?” என்று உங்களிடம் கேட்டா. நீங்கள், “எனக்கு அது தேவையில்ல” என்றீர்கள். அவ எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தா. அக்கா பகிடி விடுகிறா என்று நான்தான் சமாளித்தேன்.

பித்தம் கசிந்ததற்காகச் செய்த இரண்டாவது ஒப்பரேஷன் சரிவந்துவிட்டது. ஜேமியின் வயிற்றில் இன்னும் இரண்டு குழாய் இருக்கிறது. இந்தக் கிழமை ஒன்றை எடுப்பார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்க வேண்டாம்.

உங்கள் தங்கை
ஜிலியன்


திராய்மடு
மட்டக்களப்பு
23.11.2008

அன்புத் தங்கை ஜிலியனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் எப்படி? முழங்கால் நோவு குறைந்ததா? அந்த லொட்ஜில் படி அதிகம். நேரத்துக்குச் சாப்பிடு. நெவிலின் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது?

எனக்குக் காயம் ஆறிவிட்டது. இருமினால் மட்டும் இழுக்கும். இங்கு விடாத மழை. வாவி நிரம்பி முகத்துவாரத்தை வெட்டி விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் திட்டத்தில் கீழ் வரிசைக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் வரிசைக்கு வரவில்லை.

மர்சூக் நானாவின் கடைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறேன். ஜனவரிக்கு நூற்றைம்பது கேட்டிருக்கிறார். அவருடைய மனைவி ஸஹீதா துணியோடு ஒரு போத்தல் தேனும் கொடுத்து விட்டா, காயத்துக்கு நல்லதென்று.

செவ்வாய்க்கிழமை, பிளேன் பிந்திவிடும் என்றுதான் வெளிக்கிட்டோம்.

வேறு விசேஷம் இல்லை. அத்தான் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு
எல்சி


சென்னை
14.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன். நத்தார் வரப்போகிறது. அதற்கு அடுத்த நாள் உங்களுக்கு என்ன நாள் என்று எனக்குத் தெரியும், அதனால் வாழ்த்து எழுதவில்லை.

என் முழங்கால் பரவாயில்லை. நீங்கள் விசாரிக்காவிட்டாலும் ஜேமியைப் பற்றி எழுதுகிறேன்.

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழாய் இரண்டும் எடுத்தாயிற்று. காலையும் மாலையும் எட்டு மணிக்கு மருந்து. ஐந்து நிமிடம் பிந்தினாலும் நேர்ஸ் ஏசுவா. அவனுக்குப் பிறவியிலேயே பித்தக் குழாய் அடைத்துப்போனதால் அவன் கண்ணை நான் வெள்ளையாகப் பார்த்ததே இல்லை. இப்போது வெளுத்துவிட்டது. நேற்று முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தேன். கனநேரம் பார்த்துவிட்டு, “அம்மா, இது ஆர்ர கண்?” என்று கேட்டான்.

சொறிச்சலும் நின்றுவிட்டது. சொறிய இல்லாததால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான்.

இன்னொன்று கேட்டான். “பெரியம்மாட துண்டு எனக்குள்ள வளருமா?” ஓம், உன்னோடு சேர்ந்து வளரும் என்றேன். “பெரியம்மாக்கு?” உங்களுக்கும் வளர்ந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். “அப்ப பெரியம்மா ஏன் வாறல்ல?” என்றான். அவன் போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்பிள்ளை. அதன் தாய் நல்ல மாதிரி. வார்டு டீவியில் வன்னிச் சண்டையைக் காட்டும்போதெல்லாம், “உங்க ஊருங்களா?” என்று கேட்பா. இல்லை, கொஞ்சம் தள்ளி என்பேன். “பேரெல்லாம் வெள்ளைக்காரங்க பேராட்டம் இருக்கே” என்றா. நாங்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். விளங்கவில்லை. விட்டுவிட்டேன்.

அன்புடன்
ஜிலியன்


திராய்மடு
02.01.2009

ஜிலியன் தங்கச்சிக்கு,

அத்தான் டெக்ஸ்டர் எழுதுவது. சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும். இரும்பு ஒட்டுகிற கை, எழுத்து விளங்காவிட்டால் குறை நினைக்காதே. எல்சிக்குத் தெரியாமல் கராஜில் வைத்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. எல்சி எனக்கு வாசித்துக் காட்டினாள். உன் முழங்காலைப் பற்றிய வரி வரைக்கும் வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

“மறுகா என்ன? பிள்ளையப் பத்தி ஒண்டும் எழுதல்லயா?” என்று கேட்டேன்.

“எழுதியிரிக்கா. சுகமாம்.”

அவள் கிணற்றடிக்குப் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஜேமிதான்.

போன வெள்ளிக்கிழமையோடு கடல் வந்து நாலு வருஷம். நாங்கள் முன்பு இருந்த டச்பாரில் வழக்கம்போல மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் போனேன். எல்சி வரவில்லை, ஒரு வருஷமும் வந்ததில்லை. நான் திரும்பி வர அவள் மெஷினில் இருந்தாள்.

“நினைவுக் கல்லில சார்மெயின்ட பேருக்குத் திரும்பப் பெயின்ற் அடிச்சிரிக்காங்க” என்றேன்.

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“கறுப்பு நிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தைத்தாள்.

எங்கள் மகள் போனதற்கும், பிறகு தன் வயிற்றை வெட்டிக் கொடுத்ததற்கும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. உன் மகன்மேல் அவளுக்கு வெறுப்பு என்று நினைக்காதே. என்னவென்று எனக்கும் தெரியாது. அன்றைக்கு ஜேமிக்குக் காய்ச்சலென்று நீ அவனை எல்சியிடம் விட்டாய். உன்னை நான் மோட்டார் சைக்கிளில் புளியந்தீவுக்குப் பூசைக்கு ஏற்றிப் போனேன். போகாமல் வீட்டில் நின்றிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. சார்மெயின் முன்னால் ஓடிவிட்டாள் என்று மட்டும்தான் எல்சி சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நீ தொடர்ந்து எழுது. மடித்தாலும் அவள் எறிவதில்லை. துணி அலுமாரிக்குள் வைக்கிறாள்.

டெக்ஸ்டர்


சென்னை
19.01.2009

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் கேட்டு எழுத நேரமில்லை, மன்னியுங்கள்.

ஜேமிக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். ஈரல் இரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஏறிக்கொண்டு போகிறது. கண் திரும்பவும் மஞ்சள் பிடிக்கிறது. அவன் உடம்பு அந்த ஈரலைத் தள்ளப் பார்க்கிறதாம். நாளைக்கு ஊசி குத்திச் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். என்னை ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள்.

லொட்ஜிலும் இலங்கைக்காரரை வைத்திருக்க ஏலாதென்று எழும்பச் சொல்லிவிட்டார்கள். போன் சிம்மையும் நிறுத்திவிட்டார்கள், வேறு பத்திரம் வேண்டுமாம். புது இடம் பிடித்ததும் விலாசம் அனுப்புகிறேன். அதுவரை ஆஸ்பத்திரி விலாசத்துக்கே எழுதுங்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஜிலியன்


திராய்மடு
15.02.2009

அன்புத் தங்கை ஜிலியனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் என்னவென்று தெரியவில்லை.

அத்தான் உன் கடிதத்தைச் சாமான் பெட்டிக்குள், சாவிகளுக்குக் கீழே வைத்திருந்தார். எடுத்து வாசித்தேன். அவருக்கு ஏசவில்லை.

அத்தான் உன் பழைய நம்பருக்கு எடுத்துப் பார்த்தார். மர்சூக் நானாவுக்கு இந்த மாதம் பயணம் இல்லை. நெவிலின் கப்பலிலிருந்தும் ஒரு செய்தியும் இல்லை. அதனால் தபாலில் போடுகிறேன்.

ஒரு வரி எழுது. எதுவானாலும் எழுது.

எல்சி


திராய்மடு
12.03.2009

ஜிலியனுக்கு,

இன்றைக்கும் தபால்காரன் எங்கள் வாசலைக் கடந்து போய்விட்டான். ஏழு கிழமை. எழுதாமல் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். சொல்ல ஏலாத ஒன்று நடந்தால் நானும் அப்படித்தான் இருப்பேன், நாலு வருஷம் இருந்தேன். ஆகவே அவன் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் இருந்தால் இதை எழுதமாட்டேன்.

அன்றைக்கு சார்மெயின் முன்னால் ஓடவில்லை.

வெளியில் சத்தம் கேட்டது. ஜேமியைப் பாயோடு அள்ளி இடுப்பில் வைத்தேன். சார்மெயினின் கையைப் பிடித்தேன். ஒழுங்கை முனைக்கு ஓடி முடியவில்லை, கடல் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரையும் தூக்கிக்கொண்டு போனது. நான் இரண்டு பேரையும் விடவில்லை. பிறகு ஒரு மரத்தில் மோதினோம். பிலிப் அங்கிளின் வளவுக் கொட்டாங்காய் மரம். அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

ஜேமிக்கு இரண்டு வயது, பிடிக்கத் தெரியாது. சார்மெயினுக்கு ஆறு. “அம்மாட சட்டையப் பிடி மகள்” என்று சொன்னேன். பிடித்தாள். கையை விட்டுவிட்டு மரத்தைப் பிடித்தேன். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பாரம் இல்லை. திரும்பிப் பார்த்தேன், இல்லை.

அவள் என் கையை விடவில்லை. நான்தான் விட்டேன்.

அவளைப் பிடித்துக்கொண்டு உன் மகனை விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்று வரை தெரியாது. யோசித்துச் செய்யவில்லை. பிறகுதான் யோசித்தேன், ஒவ்வொரு நாளும்.

ஜேமிக்கும் ஆறு வயதாகியிருந்தது. அந்த அறைக்குள் வந்து அவனைப் பார்த்தால் அவனிடம் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வரவில்லை. ஈரலைக் கொடுத்ததும் அன்பில் இல்லை. அவனும் போய்விட்டால் சார்மெயின் எதற்காகப் போனாள்? அதற்காகக் கொடுத்தேன். இப்போது அதுவும் முடிந்தது.

அத்தானுக்கு இது தெரியாது.

எல்சி


சென்னை
02.04.2009

அன்புள்ள அக்காவுக்கு,

ஜேமி இருக்கிறான்.

முதலில் அதை எழுத வேண்டும் என்று எழுதினேன். உங்கள் கடிதம் இரண்டையும் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒன்றாகக் கொடுத்தார்கள். இரண்டு கிழமை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

உடம்பு தள்ளியதை மருந்தால் நிறுத்தினார்கள். அந்த மருந்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கி வேறு ஒரு கிருமி பிடித்தது. இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்தான். ஒன்பது நாள் மெஷின்தான் மூச்சு விட்டது. அந்த நாட்களில் நான் யாருக்கும் எழுதவில்லை, ஜெபமும் செய்யவில்லை. கதிரையில் இருந்தேன். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை அந்த நாட்களில்தான் இறந்துவிட்டது. அதன் தாய் போகும்போது மிச்சமிருந்த முகமூடிப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனா. அதை வாங்கி வைத்தேன்.

போன கிழமை ஜேமி வார்டுக்கு வந்தான். கால் இரண்டும் ஈர்க்கில் மாதிரி. சுவரைப் பிடித்து நான்கு அடி வைத்தான்.

அக்கா, எனக்குத் தெரியும்.

கடல் வந்த அன்று பின்னேரம், எல்லோரும் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் உங்கள் மடியிலிருந்து ஜேமியை வாங்கியபோது அவன் தொடையில் விரல் அடையாளம் இருந்தது. நாலு விரல், நீலமாக. அந்தப் பிள்ளைக்குத் தொட்டாலே கண்டிப்போகும், உங்களுக்குத் தெரியும். ஒரு கையின் அடையாளம். உங்கள் மற்றக் கையில் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது, மரத்தைப் பிடித்தேன் என்றீர்கள். உங்களுக்கு இரண்டு கைதானே. சார்மெயின் முன்னால் ஓடினாள் என்று நீங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஜேமியை விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளையா அவள்? மூன்று கிழமை அந்த அடையாளம் போகவில்லை. குளிப்பாட்டும்போது பார்ப்பேன். யாரும் பார்க்காமல் இருக்க நீளக் காற்சட்டை போட்டுவிட்டேன்.

கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் நான் அவனைத் தூக்கிக்கொண்டு உங்கள் முன்னால் எப்படி நடப்பது? அதற்குப் பயந்து கேட்கவில்லை. ஈரல் வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது உங்களிடம் வாய் திறக்காததும் அதனால்தான். நீங்களாக வந்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அவன் வேண்டியிருந்தான்.

இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

ஜிலியன்


திராய்மடு
24.05.2009

அன்புள்ள ஜிலியனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமா? உன் கடிதம் வந்து ஐந்து கிழமைக்கு மேல். நாலைந்து தரம் எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன்.

சண்டை முடிந்துவிட்டதென்று சொல்கிறார்கள். நீயும் டீவியில் பார்த்திருப்பாய். செவ்வாய்க்கிழமை டவுனில் வெடி கொளுத்தினார்கள். செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் பாற்சோறு கொடுத்தார்கள், அத்தான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். வாங்காமல் வர ஏலாது. கடைகள் எல்லாம் கொடி கட்ட வேண்டுமென்று சொல்லி, மர்சூக் நானா துணியோடு வந்தார்.

“தைக்க விருப்பமில்லாட்டி சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறன்” என்றார்.

“விருப்பமெண்டு ஒண்டும் இல்ல, தாங்க” என்றேன்.

அறுபது கொடி. சிங்கம் அச்சடித்தே வந்தது, ஓரம் மடித்து அடித்தேன். அடுத்த வீட்டு அன்னப்பூரணியின் தம்பி குடும்பம் முல்லைத்தீவில். ஒரு தகவலும் இல்லை. நான் தைக்கும்போது அவ வந்து பக்கத்தில் இருந்தா. நூலைக் கத்தரித்துத் தந்தா.

ஜேமி சாப்பிடுகிறானா?

எல்சி


சென்னை
07.06.2009

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறான். அவித்த முட்டை, இட்லி, கஞ்சி. பச்சையாக எதுவும் கொடுக்கக்கூடாது. காய்ச்சல் இல்லை. இரத்தம் மூன்று கிழமையாகச் சரியாக இருக்கிறது. நடக்கிறான், படி மட்டும் ஏறமாட்டான். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று சொன்னேன். “என்ன கேட்டா?” என்றான். சாப்பிடுகிறாயா என்று கேட்டா என்றேன். “ஓம் எண்டு எழுதுங்க” என்றான்.

27ஆம் திகதி சனிக்கிழமை வீடு போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாதம் இரண்டு முறை இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு வருஷம் தூசி, கூட்டம் ஆகாது. நாங்கள் இருந்த புளியந்தீவு அறையை விட்டுவிட்டோம். நெவில் செப்டெம்பரில்தான் இறங்குவார். உங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று. அத்தானுக்குத் தெரியாமல் ஜேமியோடு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. அவர் அவனை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவார். எனக்கும் உங்களுக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வாயால் வர வேண்டியது. உங்களால் ஏலாவிட்டால் அதில் பிழை இல்லை. நான் வேறு இடம் பார்க்கிறேன். 20ஆம் திகதிக்கு முன் ஒரு வரி எழுதுங்கள். மர்சூக் நானா 19இல் இங்கு வருவதாகச் சொன்னார்.

உங்கள் உடம்பு எப்படி?

ஜிலியன்


திராய்மடு
16.06.2009

அன்புள்ள ஜிலியனுக்கு,

சுகம். காயம் இப்போது இழுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறும் மீன் குழம்பும். நான் எதிரில் இருந்து சொன்னேன். உனக்கு எழுதியதுபோலவே சொன்னேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மரம் வரைக்கும் வந்தபோது அவர் கையை எடுத்துவிட்டார். முடியும்வரை சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கையைக் கழுவாமல் எழும்பி வெளியே போனார். மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. நடந்து போனார்.

சோற்றை மூடி வைத்தேன். மெஷினில் இருந்தேன். தைக்கவில்லை.

ஆறு மணிக்கு வந்தார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. வாசல்படியில், எனக்கு முதுகு காட்டி இருந்துகொண்டு கேட்டார்.

“அவ உன்ட சட்டையப் பிடிச்சவளா?”

“பிடிச்சவ.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியா. கொஞ்ச நேரம்.”

“ஏதும் சொன்னவளா?”

“அம்மா எண்டு சொன்னா. ரெண்டு தரம்.”

இதை உனக்கு எழுதவில்லை. அவருக்கும் சொல்ல நினைக்கவில்லை. கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது. நிறுத்தத் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. அப்படியே இருந்தார். நான் ஓய்ந்தபிறகு கேட்டார்.

“பிள்ள எத்தனையாம் திகதி வாறான்?”

“இருவத்தேழு.”

“பஸ்ஸில ஏத்தேலாது. வான் ஒண்டு பிடிக்கணும்.”

இரண்டு நாளாகிறது. என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார். நேற்று அறையிலிருந்த தகரம், இரும்பெல்லாம் கராஜுக்குக் கொண்டு போய்விட்டார். இன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிலத்தை மூன்று தரம் கழுவினார். ஜன்னலுக்கு வலை அடிக்கிறார். சுத்தியல் சத்தத்துக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ வேறு இடம் பார்க்க வேண்டாம். இருபத்தேழாம் திகதி விமான நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். என்னைப் பார்த்து ஜேமி ஏன் வரவில்லை என்று கேட்டால் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன்.

எல்சி